இரண்டாம் சுற்றில் ஒரு பிழை

கண்டியில் மாலையானால் விளக்கெரிந்ததற்குக் கறுப்பையாவும் ஒரு காரணம் என்று சொன்னால் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அவர் கம்பத்தில் ஏறியவரல்ல, கம்பி இழுத்தவரல்ல. வீட்டில் ஒரு பியூஸ் கட்டையை மாற்றச் சொன்னால்கூடப் பின்வாங்கிவிடுவார். அவர் செய்ததெல்லாம் கணக்கு. ரயில் நிலையத்துக்கு மேலே குன்றேறும் ஒரு தெருவில், பொறியியலாளர் சுந்தரலிங்கம் நடத்திய மின் திட்ட அலுவலகத்தில், 1960 முதல் 1971 வரை ஒரே கதிரையில் இருந்து ஒரே மாதிரிக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்.

அது என்ன கணக்கு என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவர் செய்த காரியம் விளங்காது.

மலையில் ஒரு நீர்மின் நிலையம். அங்கிருந்து கம்பிகள் கம்பளை, கண்டி, மாத்தளை என்று ஊர் ஊராகப் போகின்றன. ஓர் ஊர் கூடுதலாக மின்சாரத்தை இழுத்தால் அங்கே மின்னழுத்தம் குறையும். அங்கே குறைந்தால் பக்கத்து ஊரிலும் குறையும். பக்கத்து ஊரில் குறைந்தது திரும்பி வந்து முதல் ஊரை இன்னும் கொஞ்சம் இறக்கும். ஆக, இதைத் தெரிந்துகொள்ள அது தெரிய வேண்டும், அதைத் தெரிந்துகொள்ள இது தெரிய வேண்டும். நேராகப் போட்டு விடை எடுக்க வழியில்லை. அதனால் முதலில் கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லித் தொடங்குவார்கள்: எல்லா ஊரிலும் அழுத்தம் சரியாக ஒன்று, அதாவது குறையாத முழு அளவு. பிறகு முதல் ஊரை எடுத்து, அக்கம்பக்கத்து ஊர்களின் எண்களை வைத்து அதன் எண்ணைத் திருத்துவார்கள். திருத்தியதை வைத்துக்கொண்டு அடுத்த ஊர். இப்படி ஒன்பது ஊரும் முடிந்தால் ஒரு சுற்று. பிறகு மறுபடியும் முதல் ஊரிலிருந்து. சுற்றுக்குச் சுற்று எண்கள் அசைவது குறைந்துகொண்டே வரும். நாலாம் தசமத்திலும் அசைவு நின்றுவிட்டால் விடை வந்துவிட்டது என்று பொருள். சிலவேளை முப்பது சுற்று, சிலவேளை ஐம்பது. கையால் சுழற்றும் கணக்கு மெஷினை வைத்துக்கொண்டு இரண்டு பேர் சேர்ந்து செய்தால் ஒரு திட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் போகும்.

சேர்ந்து என்பது ஒரு பேச்சுக்குத்தான். சுந்தரலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர். ஒருவர் விடும் பிழை மற்றவருக்குத் தொற்றிவிடக் கூடாது என்பதற்காக இரண்டு கணக்காளருக்கும் நடுவே பலகை அடித்து அறையை இரண்டாக்கியிருந்தார். கணக்கு நடக்கும் நாட்களில் இருவரும் பேசக் கூடாது. தேநீர்கூட வேறு வேறு நேரத்தில். மூன்று சுற்றுக்கு ஒருமுறை கறுப்பையா தன் தாளைப் பலகையில் இருந்த சின்ன ஜன்னல் வழியாக அந்தப் பக்கம் தள்ளுவார். அங்கே இருப்பவர் தன் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்து, எண்கள் ஒத்துப்போகாத இடத்தை ஒரு சீட்டில் எழுதி அனுப்புவார். இருவரும் அந்த வரியை மறுபடி போடுவார்கள். முன்பு வந்த எண்களையும் பிறகு ஒத்துப்போன எண்ணையும் ஒரு கொப்பியில் பதிந்துவைப்பார்கள். எந்த எண் யாருடையது என்று மட்டும் பதிவதில்லை.

"பிழை ஆருடையது எண்டது எனக்குத் தேவையில்லை. சரி எது எண்டு தெரிஞ்சாக் காணும்," என்பார் சுந்தரலிங்கம். இன்னொன்றும் அடிக்கடி சொல்லுவார்: "இடையில ஒரு பிழை விட்டாலும் பயப்பிடாதேங்கோ. சுத்திச் சுத்தி அது தானாச் சரிவரும். நாலு சுற்றுக் கூடப் போகும், அவ்வளவுதான்."

இந்தச் சொல்தான் கறுப்பையாவைக் கெடுத்தது.

கெட்டுப்போவதற்கு முன்னால் அவர் எப்படி இருந்தார் என்றால், தனியாக இருந்தார். ஹந்தானைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து படித்து வெளியே வந்த ஒரே ஆள். அவருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. பிரஜாவுரிமைக் காரியாலயத்தின் அந்தக் கணக்கு எப்படி ஒத்துப்போனது என்று கேட்க ஆளில்லை. 1968இல் அண்ணன் குடும்பத்தோடு தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறினார். போய்ச் சேர்ந்து இரண்டு கடிதம் போட்டார், அதோடு சரி. கறுப்பையா அம்பிட்டியில் ஒரு வீட்டின் பின் அறையில் வாடகைக்கு இருந்தார். ஒரு நாளில் அவர் பேசிய சொற்களை எண்ணினால் இருபது தேறாது. அதில் பாதி பஸ் கொண்டக்டரிடம் சிங்களத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் அதுவும் இல்லை.

பலகைக்கு அந்தப் பக்கம் எட்டு வருடம் தயாவங்ச என்ற பெரியவர் இருந்தார். அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு, அதே 1968 தொடக்கத்தில், றலியா வந்து சேர்ந்தார். முப்பத்தைந்து வயது. புருஷன் ஜமால்தீன் அக்குறணையில் கடை வைத்திருந்து பஸ் விபத்தில் போய்ச் சேர்ந்தவர். பெண்கள் கல்லூரியில் கணிதத்தில் முதலாவதாக வந்த மனுஷி, பதினைந்து வருடம் கழித்து அந்தச் சான்றிதழை அலுமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு வேலை கேட்டு வந்தார். மஹியாவையில் சின்னதாக ஒரு வீடு, றமீலா என்று ஒரு மகள். அலவத்துகொடையில் இருக்கும் அண்ணன், நளீர் காக்கா, வீட்டோடு வந்து இரு, பிள்ளை படித்தது போதும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். இந்த வேலை இருக்கும்வரைதான் றலியாவால் மாட்டேன் என்று சொல்ல முடியும். இதெல்லாம் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கறுப்பையாவுக்கும் காதில் விழுந்தது. அதற்கு மேல் அவர் றலியாவைப் பற்றி அறிந்தது, பலகைக்குப் பின்னால் மெஷின் சுழலும் சத்தமும், படியில் எதிர்ப்பட்டால் ஒரு தலையசைப்பும் மட்டும்.

அந்த ஆவணியில் பெரஹரா ஊர்வலத்துக்கு முந்திய நாட்களில், கீழே தெருவில் மேளம் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் கறுப்பையா 0.9612 என்று எழுத வேண்டியதை 0.9621 என்று எழுதிவிட்டார். மூன்றாம் சுற்று, கம்பளை. அது நிஜமான பிழை. அரை மணியில் ஜன்னல் வழியாகச் சீட்டு வந்தது.

'திரு. கறுப்பையா அவர்களுக்கு, மூன்றாம் சுற்று, கம்பளை. தயவுசெய்து மீண்டும் போட்டுப் பார்க்கவும். றலியா ஜமால்தீன்.'

தயாவங்ச சீட்டெழுதினால் வெறும் எண் மட்டும் இருக்கும். இதில் தன் பெயர் இருந்தது. தன் பெயரை ஒருவர் கையால் எழுதி, அவர்களுக்கு என்று போட்டு, தயவுசெய்து என்று கேட்டிருந்தார்! கறுப்பையா அந்தச் சீட்டை நாலு தரம் வாசித்தார். கணக்கைத் திருத்தி அனுப்பிய பிறகு, குப்பையில் போட வேண்டிய அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அம்பிட்டிக்குப் போனார். அன்று அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த திட்டத்தில் பன்னிரண்டு நாளும் சீட்டே வரவில்லை. வராதுதான். இரண்டு பேரும் ஒரு பிழை விடாமல் போட்டால் எதற்கு வரும்? அந்தப் பன்னிரண்டு நாளையும் அவர் எப்படித் தள்ளினார் என்பது அவருக்குத்தான் தெரியும். அதற்கடுத்த திட்டத்தின் இரண்டாம் சுற்றில், மாத்தளைக்கு வந்தபோது, 0.9738 என்று மெஷின் காட்டியது. கறுப்பையா அதைப் பார்த்தார். 0.9783 என்று எழுதினார்.

சீட்டு வந்தது.

இதைக் காதல் என்று நினைப்பவர்கள் கதையை இங்கேயே மூடிவைத்துவிடலாம். அப்படி ஒரு எண்ணம் அவருக்கு இருந்ததில்லை. யாராவது தன் பெயரை எழுத வேண்டும், அவ்வளவுதான். அதிலும் மனிதர் பெரிய நியாயஸ்தர். ஒரு திட்டத்துக்கு ஒரே ஒரு பிழை. எப்போதும் இரண்டாம் சுற்றில், ஏனென்றால் கண்டுபிடிக்காமல் போனாலும் மிச்சச் சுற்றுகளில் அது தானாகக் கரைந்துபோகும். இரண்டு இலக்கத்தை மட்டும் இடம் மாற்றுவார், கை தவறினது போல. தரவுத் தாளில் ஒருநாளும் கை வைக்கமாட்டார். கம்பியின் நீளத்தையோ ஓர் ஊரின் தேவையையோ பிழையாக எழுதினால் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அது ஆறாது, பிழையான விடையில் போய் அழகாக நிற்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். யாருக்கும் ஒரு கெடுதியும் இல்லாத பிழை என்று தனக்குத்தானே சான்றிதழும் கொடுத்துக்கொண்டார்.

இரண்டாவது வருடத்தில் சீட்டுகள் நீண்டன. 'வெளிச்சம் போதாவிட்டால் விளக்கைப் போட்டுக்கொள்ளவும்' என்று கீழே ஒரு வரி. 'ஜன்னல் பக்கம் மேசையை நகர்த்தினால் நல்லது' என்று இன்னொரு தடவை. எழுத்தும் வரவரப் பெரிதாகிக்கொண்டே வந்தது. பிறகு ஒரு நாள், திட்டமொன்று முடிந்த அன்று, ஜன்னல் வழியாக ஒரு சின்ன டப்பா வந்தது. உள்ளே பொன்னாங்காணிக் கீரைச் சுண்டல், தேங்காய்ப்பூ போட்டு. அதற்குப் பிறகு திட்டம் முடியும்போதெல்லாம் பொன்னாங்காணிதான். கறுப்பையா டப்பாவைக் கழுவி, பிள்ளைக்கு என்று நாலு டொஃபியைப் போட்டுத் திருப்பி அனுப்புவார். ஒருமுறையாவது வாயால் நன்றி சொல்லியிருக்கலாம். ஒரு திட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் நாலைந்து நாள் சும்மா இருக்கும், அப்போது பேசத் தடையும் இல்லை. அந்த நாட்களில்தான் அவருக்குக் கூச்சம் கூடிப்போகும். படியில் றலியா வருவது தெரிந்தால் மேலேயே நின்றுவிடுவார்.

1971 ஐப்பசியில், ஒரு வெள்ளிக்கிழமை, சுந்தரலிங்கம் அவரைக் கூப்பிட்டார்.

"இரும் கறுப்பையா. கொழும்பில கொம்பியூட்டர் ஒண்டில எங்கட கணக்கைப் போடப் போறம். புது முறை. ஒவ்வொரு ஊராத் திருத்துறேல்லை, ஒன்பதையும் ஒரே தரத்தில திருத்திற மாதிரி. நாலைஞ்சு சுற்றில விடை வந்திடும். எங்கட பன்னிரண்டு நாள் வேலை அதுக்குச் சில நிமிசம். இஞ்சை தரவு சரிபார்க்க ஒராள் மட்டும் காணும். உம்மை வைச்சிருக்கிறன்."

"அப்ப மிஸிஸ் ஜமால்தீன், சேர்?"

"மாத முடிவோட வேலையை விடச் சொல்லிப்போட்டன். எனக்கும் மனவருத்தம்தான். ஆனால் கொப்பியைப் பாரும். தயாவங்ச இருந்த எட்டு வருசத்தில பதினேழு பிழை. அந்தப் பிள்ளை வந்த பிறகு மூண்டு வருசத்தில முப்பத்தொண்டு. நீர் மாறேல்லை, அந்தப் பக்கம்தான் ஆள் மாறினது. கணக்குத் தெரிஞ்ச உமக்கு நான் சொல்ல வேணுமே?"

கறுப்பையா கொப்பியைப் பார்த்தார். "அவங்க என்ன சொன்னாங்க சேர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. சரி சேர் எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டா."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டார். சனிக்கிழமை கண்டிக் குளத்தைச் சுற்றி மூன்று முறை நடந்தார். சொன்னால் வேலை போகும். வேலை போனால் அம்பிட்டி அறை போகும். அதுவும் போனால் எங்கே போவது? சொல்லாவிட்டால் மஹியாவையில் ஒரு வீடு பூட்டப்படும், ஒரு பிள்ளையின் படிப்பு நிற்கும். நாற்பத்துமூன்று வயது மனிதன், ஒரு சீட்டுக்காக இதைச் செய்தேன் என்று வெளியே எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் அவருக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு தடவையும் மாறியது யாருடைய எண் என்று றலியாவுக்கு நன்றாகத் தெரியும். மறுபடி போட்டபோது றலியாவின் எண் ஒருநாளும் மாறியதில்லை. பிறகு ஏன் சுந்தரலிங்கத்திடம் வாயைத் திறக்கவில்லை? ஒருவேளை வேலையை விடத்தான் விருப்பமோ என்று ஒரு நினைப்பு வந்தது. வசதியான நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். அந்த நினைப்பு நிலைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை சுந்தரலிங்கம் குடையை மடிப்பதற்குள் கறுப்பையா முன்னால் போய் நின்றார்.

"சேர், அந்த முப்பத்தொண்ணும் என் பிழைங்க. அவங்க ஒண்ணுமே செய்யல."

சுந்தரலிங்கம் சிரித்தார். "உம்மட மனம் எனக்கு விளங்குது. விதவைப் பிள்ளை எண்டு இரக்கப்படுறீர். அதுக்காக உம்மட தலையில போடாதேயும்."

"இல்லீங்க சேர். கொப்பியப் பாருங்க. மொத ஒண்ண விட்டுட்டுப் பாருங்க. எல்லாமே ரெண்டாம் சுத்து. ஒரு வேலைக்கு ஒண்ணுதான். எல்லாத்துலயும் ரெண்டு நம்பர்தான் எடம் மாறியிருக்கும். நெசமாவே பிழை விடுறவன் இப்படி ஒழுங்கா விடுவானா?"

சுந்தரலிங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொப்பியைப் புரட்டினார். ஒரு பக்கம், இரண்டு பக்கம். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது. முகத்தில் இருந்த சிரிப்புப் போய்விட்டது.

"ஏன் காணும் இப்பிடிச் செய்தனீர்?"

"பிழை விட்டா சீட்டு வரும் சேர்."

"என்ன சீட்டு?"

"என் பேரு போட்டு வரும்."

சுந்தரலிங்கம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். கடைசியில், "பிழை விட்டவனை நான் வைச்சிருப்பன். பொய் எழுதினவனை வைச்சிருக்க ஏலாது. நீர் இண்டைக்கே போம். அந்தப் பிள்ளை நிக்கட்டும்," என்று கொப்பியை மூடினார்.

போவதற்கு முன் றலியாவிடம் சொல்லியாக வேண்டும். கறுப்பையா கட்டடத்துக்குப் பக்கத்துச் சிறிய ஒழுங்கையைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கத்துக் கதவைத் தட்டினார். மூன்று வருடத்தில் முதல் தடவை. கதவைத் திறந்த றலியா அவரைக் கண்டதும் முந்திக்கொண்டார்.

"வாங்க மிஸ்டர் கறுப்பையா. நானே ஒங்களப் பாக்க வாரதுக்குத்தான் ஈந்தேன்." முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, மேசையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். பெரிய பெரிய எழுத்தில் ஒரு கண் டொக்டரின் பெயரும் விலாசமும் இருந்தன. "நான் போன பொறகு ஒங்கட தாள ஒருத்தரும் இப்பிடிப் பாக்க மாட்டாங்க. அதுக்கு முந்தி இவருட்ட காட்டிடுங்க. நல்ல டொக்டராம். பயப்பட ஒண்டுமில்ல, இப்பயெல்லாம் கண்ணுக்கு நல்ல மருந்து ஈக்கி."

கறுப்பையா காகிதத்தைப் பார்த்தார். றலியாவைப் பார்த்தார். மூன்று நாளாக விளங்காதது அப்போது விளங்கியது.

"என் கண்ணுக்கு ஒண்ணும் இல்லீங்க," என்றார்.

"எனக்கிட்ட மறைக்க வாணாம். மூணு வருஷமா நம்பர் மாறி மாறி எழுதுறத்தப் பாத்துக்கிட்டுத்தானே ஈக்கேன்."

"வேணும்னே செஞ்சேங்க. மொத ஒண்ணுதான் நெசப் பிழை. மத்ததெல்லாம் நீங்க எழுதி அனுப்புவீங்கன்னு செஞ்சது. சேர்ட்ட சொல்லிட்டேன். நீங்க போக வேணாம். நாந்தான் போறேன்."

றலியாவுக்கு அது உடனே ஏறவில்லை. ஏறியபோது முகத்தில் சந்தோஷம் ஒன்றும் தெரியவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"சேர் கேட்டப்ப நான் வாயத் தொறக்கல்ல," என்றார் மெதுவாக. "கண்ணு போற மனிசன், ஆருமில்லாத மனிசன், இந்த வேலயும் போனா எங்க போய் நிப்பாருண்டு நெனச்சேன். காக்காட வீட்டுக்குப் போறதுக்கு மகள்ட சாமானெல்லாம் கட்டி வெச்சீக்கேன். மூணு வருஷம் அஞ்சு வேளயும் தொழுதுட்டு ஒங்கட கண்ணுக்குத்தான் துஆ கேட்டேன். ஒரு நாளும் விட்டதில்ல."

கறுப்பையா காகிதத்தைக் கையில் மடித்தார்.

"பேசோணும்டா இந்தக் கதவத் தட்டீக்கலாமே," என்றார் றலியா. "நான் தொறக்காமயா ஈப்பேன்?"

விலாசக் காகிதத்தை அவர் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

இந்த உலகத்தில் தன்னை நினைக்க ஓர் ஆள் இல்லை என்று கறுப்பையா நம்பிக்கொண்டிருந்த அந்த மூன்று வருடமும், மஹியாவையில் ஒருவர் நாளுக்கு ஐந்து தடவை அவருக்காகக் கையேந்தியிருக்கிறார். அது அவருக்குத் தெரியவந்த அன்றுதான் அது நின்றும் போனது.